பையனை அச்சுக்கூடத்துல விடறதா, புத்தகக் கடையில விடறதா? 1683 லண்டன் கணக்கு

1706-ல லண்டன்ல ஒரு பையன் பிரஸ்ஸுக்கு அப்ரெண்டிஸா போறான். ஏன்டா பிரஸ்ஸுன்னு கேட்டா அங்க போனா நெறைய படிக்கலாமாம், அதான் காரணம். பேரு சாமுவேல் ரிச்சர்ட்சன், அப்பா மர வேலை செய்யறவரு, பையனை பாதிரியாரா ஆக்கணும்னு ஆசை இருந்துது ஆனா வீட்டுல அதுக்கு வசதி இல்ல, சரி எந்தத் தொழில் வேணும்னு நீயே பாத்துக்கோன்னு விட்டுட்டாங்க. போன எடத்துல முதலாளி ஜான் வைல்ட், தனக்கு காசு வராத ஒரு மணி நேரம் பையனுக்கு கெடச்சாலும் வயிறு எரியற ஆளு. அதனால இவன் தூங்கற நேரத்தத் திருடிப் படிச்சிருக்கான், அதுவும் முதலாளியோட மெழுகுவர்த்திய தொடாம சொந்தக் காசுல மெழுகுவர்த்தி வாங்கி. பிற்பாடு இதே ஆளு பெரிய பிரிண்டர் ஆகி, 1740-ல பமீலான்னு நாவல் எழுதி ஊரையே அழ வெச்சு, 1754-ல ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கே தலைவராவும் ஆனாரு, அது வேற.

எனக்கு இதப் படிச்சதுலேர்ந்து ஒரே யோசனை, அவன் எடுத்த முடிவு சரியா? புத்தகம் படிக்கணும்னா புத்தகக் கடைக்குல்ல போயிருக்கணும்? சரி நாமளே ஒரு அப்பா எடத்துல உக்காந்து பாப்போம்னு தோணுச்சு. வருஷம் 1683-ன்னு வெச்சுக்கறேன், ஏன்னா அச்சு வேலைய ஆணி வேரோட எழுதின ஜோசப் மாக்ஸனோட கையேடு அந்த வருஷம்தான் பாகம் பாகமா வர ஆரம்பிச்சுது, ஜான் டன்டன்ங்கற புத்தகக் கடைக்காரன் அப்ரெண்டிஸ் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, ஜேக்கப் டான்சன்ங்கற இன்னொரு கடைக்காரர் தன் வாழ்க்கைலயே பெரிய கொள்முதல செஞ்சதும் அந்த வருஷம்தான், அதுக்கு அப்புறம் வரேன். உங்க பையனுக்கு 14 வயசு, எழுதப் படிக்கத் தெரியும், கொஞ்சம் லத்தீனும் தெரியும்னு வெச்சுக்கங்க. எங்க விடுவீங்க?

முதல்ல இந்த ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்னன்னு ஒரு வார்த்தை. நோட்டு பென்சில் விக்கற கடை இல்லைங்க. தெருத்தெருவா அலையாம ஒரே எடத்துல கடை போட்டு உக்காந்தவன் ஸ்டேஷனர், அவ்ளோதான். 1403-லயே லண்டன்ல சங்கமா சேர்ந்துட்டாங்க, 1557-ல ராஜ சாசனம் வாங்குனாங்க, அதுக்கப்புறம் இங்கிலாந்துல அச்சடிக்கணும்னா பொதுவா இந்தக் கம்பெனி ஆளா இருக்கணும் இல்லன்னா ராஜா தனியா அனுமதி குடுத்திருக்கணும். பிரிண்டர், புத்தகக் கடைக்காரர், பைண்டர் எல்லாரும் ஒரே சங்கத்துல. உள்ள வர மூணு வழி: அப்பா மெம்பரா இருந்தா பையனுக்கு உரிமையா வரும், காசு கட்டி வாங்கலாம், இல்லன்னா அப்ரெண்டிஸா சேந்து கொறஞ்சது 7 வருஷம் உழைக்கணும். நாம மூணாவது கேஸு.

ஒப்பந்தப் பத்திரத்துல என்னல்லாம் இருக்கும்னு பாத்தா, கல்யாணம் பண்ணக் கூடாது, சீட்டு தாயம் ஆடக் கூடாது, சாராயக் கடை நாடகக் கொட்டகை பக்கம் போகக் கூடாது, முதலாளி ரகசியத்த வெளிய சொல்லக் கூடாது. பதிலுக்கு முதலாளி சோறு, துணி, படுக்க எடம் குடுத்து தொழிலக் கத்துக் குடுக்கணும். சம்பளம் கெடயாது. அது மட்டுமில்ல சேர்க்கும்போது நாமதான் முதலாளிக்கு ஒரு தொகை குடுக்கணும், நல்ல பேரு உள்ள கடைன்னா தொகையும் ஏறும். ஒரே தாள்ல ரெண்டு காப்பி எழுதி நடுவுல பல்லு பல்லா வெட்டி ஆளுக்குப் பாதி, நாளைக்கு சண்டை வந்தா ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்துக்கலாம்.

பொதுவா எல்லாரும் கேக்கறது எந்த வேலை நல்ல வேலைன்னு. நான் கேக்கறது வேற, 7 வருஷம் கழிச்சு பத்திரம் முடியற அன்னிக்கு காலைல பையன் கைல என்ன இருக்கும்? இத மனசுல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாக்கலாம்.

அச்சுக்கூடம். இங்க ரெண்டு ஜாதி, அச்சுக் கோக்கற கம்போசிட்டர், பிரஸ்ஸ இழுக்கற பிரஸ்மேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணிக்குவாங்களாம், மாக்ஸன் எழுதறாரு, பிரஸ்மேனுக்கு குதிரைன்னு பேரு, கம்போசிட்டருக்கு கப்பல் துடுப்பு போடற அடிமைன்னு பேரு. புதுப் பையன் ரெண்டும் இல்ல, அவன் பிசாசு. பிரஸ்லேர்ந்து ஈரத் தாள ஒவ்வொண்ணா எடுக்கற பையங்க தலைலேர்ந்து கால் வரைக்கும் மை அப்பிக்கிட்டு நிப்பாங்க, அதனால அந்தப் பேரு. தாள முந்தின நாளே நனைச்சு அடுக்கணும், அடிச்ச தாள நீளக் கோல்ல எடுத்து உத்தரத்துக்குப் பக்கத்துல கட்டியிருக்கற கயித்துல காயப் போடணும், எழுத்த காரத் தண்ணில கழுவணும், அப்புறம் மை ஒத்தற உருண்டைங்க இருக்கு, கம்பளி திணிச்ச ஆட்டுத்தோல் உருண்டை, தோல் காஞ்சு போகாம இருக்க ராத்திரி மூத்திரத்துல ஊறப் போடுவாங்க. காலைல அத எடுத்துப் பிழியறது யாருன்னு நெனைக்கிறீங்க? புத்தக வாசனைன்னு ரொமான்டிக்கா பேசற ஆளுங்கள அங்க ஒரு நாள் கூட்டிட்டுப் போகணும்.

பிரஸ்மேன் வேலை உடம்பு வேலை. ஒரு பிரஸ்ஸுக்கு ரெண்டு ஆளு, ஒருத்தன் மை ஒத்துவான் இன்னொருத்தன் தாள வெச்சு மூடி உள்ள தள்ளி கம்பிய இழுப்பான். அழுத்தற பலகை ஃபாரத்துல, அதாவது கோத்த பக்கங்கள சட்டத்துல இறுக்கி வெச்சதுல, பாதியத்தான் மூடும், அதனால தாளோட ஒரு பக்கத்துக்கு ரெண்டு இழுப்பு. மணிக்கு 250 தாள்ங்கறது கணக்கு, அதுக்கு ஒரு டோக்கன்னு பேரு, அப்போ ஒரு தாளுக்கு 15 செகண்டு கூட இல்ல, அதுக்குள்ள ரெண்டு தடவ இழுக்கணும். நாள் பூரா.

கம்போசிட்டர் வேலைல மூளை இருக்கு. எழுத்து கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பி இருக்கும், அத ஸ்டிக்ல, அதாவது கைல புடிக்கற சின்னத் தட்டுல, தலைகீழா வெச்சு எடதுலேர்ந்து வலதாப் படிச்சுப் பழகணும். அதோட எழுத்தாளரோட கிறுக்கலப் புரிஞ்சுக்கணும், அவரு விட்ட புள்ளி கமாவ போடணும், ஸ்பெல்லிங் சரி பண்ணணும், நல்ல கம்போசிட்டர்னா அர்த்தம் புரிஞ்சுதான் கோக்கணும்னு மாக்ஸன் அடிச்சுச் சொல்றாரு. எல்லாரும் அப்டி இல்ல. 1623-ல ஷேக்ஸ்பியர் நாடகங்கள சேத்துப் பெரிய சைஸ்ல வில்லியம் ஜாகர்ட் பிரஸ்ல அடிச்சாங்கல்ல, அதுல சோக நாடகப் பக்கங்கள்ல ஒரு கத்துக்குட்டி கை தெரியுது, தப்பு தப்பா கோத்திருக்கு, முந்தின வருஷம் நவம்பர்ல வேலைக்கு சேந்த ஜான் லீசன்ங்கற அப்ரெண்டிஸாத்தான் அது இருக்கும்னு ஆராய்ச்சி பண்ணவங்க ஊகிக்கறாங்க. பாவம் பையன், மொத வருஷத்துல எவன் தப்பு பண்ணல, ஆனா இவன் தப்ப 400 வருஷமா பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு இருக்காங்க. (நம்ம ஊரு பழைய லெட்டர்பிரஸ் ஆளுங்க வாய்ல வர கம்போசிட்டர், ஸ்டிக், கேலி, ஃபாரம் எல்லாமே இந்தக் கூடத்துலேர்ந்து கப்பலேறி வந்த வார்த்தைங்கதான்.)

அச்சுக்கூடத்துக்குள்ள ஒரு தனி அரசாங்கம் ஓடும், அதுக்கு சேப்பல்னு பேரு, தொழிலாளிங்களே போட்டுக்கிட்ட சட்டம். கெட்ட வார்த்தை பேசினா அபராதம், அடிச்சுக்கிட்டா அபராதம், ராத்திரி மெழுகுவர்த்திய அணைக்காமப் போனா அபராதம், கம்போசிங் ஸ்டிக்க கீழ போட்டு வேற ஒருத்தன் எடுத்தா அதுக்கும். கட்ட மாட்டேன்னு மொறண்டு புடிச்சா கல்லு மேல குப்புறப் போட்டு பின்னாடி 11 அடி. புதுசா வர ஆளு உள்ள வர காசு கட்டணும், அது பீருக்குப் போகும். 1725 வாக்குல பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் லண்டன்ல வாட்ஸ் அச்சுக்கூடத்துல வேலை பாத்தப்ப பிரஸ் ரூம்ல ஒரு தடவ கட்டிட்டாரு, கோக்கற ரூமுக்கு மாத்துனாங்க, அங்க இன்னொரு 5 ஷில்லிங் கேட்டாங்க, ஏற்கனவே கட்டியாச்சேன்னு ரெண்டு மூணு வாரம் வீம்பு புடிச்சாரு. அவரு அந்தப் பக்கம் போனா போதும், எழுத்தெல்லாம் கலந்து கெடக்கும், பக்கம் மாறிக் கெடக்கும், கோத்தது ஒடஞ்சு கெடக்கும், யாருடா பண்ணதுன்னா சேப்பல் பேய்ம்பாங்க. கடைசில கட்டித் தொலைச்சாரு. கூட வேலை பாத்த ஒரு பிரஸ்மேன் ஒரு நாளைக்கு ஆறு பைன்ட் பீர் குடிப்பானாம், காலைல பல்லு வெளக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து ஆரம்பம்னு வெச்சுக்கங்க, இவரு தண்ணி குடிச்சுட்டு ரெண்டு கைலயும் ஒவ்வொரு ஃபாரத்தத் தூக்கிட்டுப் படி ஏறுவாரு, அவன் ரெண்டு கையாலயும் ஒண்ணத்தான் தூக்குவான். நான் இத சொல்றது பையன குடிகாரன் ஆக்கற எடம்னு பயமுறுத்த இல்ல, அங்க வேலை கத்துக்கறதோட ஆளுங்களோட ஒத்துப் போறதும் ஒரு பாடம்னு சொல்றதுக்கு.

இப்ப அந்த 7 வருஷக் கேள்விக்கு வருவோம். பத்திரம் முடிஞ்ச அன்னிக்கு அச்சுக்கூடப் பையன் கைல என்ன இருக்கும்? தொழில். நல்ல தொழில், நெசமாவே எங்க போனாலும் சோறு போடற தொழில். ஆனா சொந்தமா பிரஸ் போட முடியுமான்னா அங்கதான் சிக்கல். 1637-ல ஸ்டார் சேம்பர் கோர்ட்டு மாஸ்டர் பிரிண்டர் மொத்தமே 20 பேருன்னு பேரோட லிஸ்ட் போட்டுட்டாங்க, அந்தக் கோர்ட்டே 1641-ல போயிடுச்சு, ஆனா 1662-ல லைசென்ஸ் சட்டம் கொண்டுவந்து மறுபடி 20-க்கே கொறைக்கணும்னாங்க. சட்டம் 1679-ல காலாவதியாச்சு, 1685-ல திரும்ப வந்துது, 1695-ல ஒரேடியாப் போச்சு. 1683-ல உக்காந்து பாக்கற அப்பாவுக்கு பின்னாடி வரப் போறதெல்லாம் எப்டித் தெரியும்? அவருக்குத் தெரியறது பழைய கணக்குதான், ஒரு மாஸ்டர் செத்தாத்தான் ஒரு எடம் காலி ஆகும், ஆயுசுக்கும் கூலிக்கு வேலை பாக்கற ஜர்னிமேனுங்க ஏகப்பட்ட பேரு.

அதனால பல பேருக்கு ஒரே ஷார்ட்கட், கல்யாணம். சிரிக்காதீங்க, வரிசையா சொல்றேன். ஸ்ட்ராட்ஃபோர்டுல தோல் பதனிடறவர் மகன் ரிச்சர்ட் ஃபீல்ட், 1579-ல லண்டன் வந்தான், ஜார்ஜ் பிஷப்ங்கறவர் பேர்ல பத்திரம், ஆனா வேலை கத்துக்கிட்டது பெரும்பாலும் பிரான்ஸ்லேர்ந்து வந்த தாமஸ் வோட்ரோலியேகிட்ட. 1587-ல இவன் விடுதலை, அதே வருஷம் வோட்ரோலியே செத்துட்டாரு, கொஞ்ச நாள்ல அவரு சம்சாரம் ஜாக்லின இவன் கட்டிக்கிட்டான், பிரஸ்ஸும் வந்துடுச்சு. 1593-ல அதே ஊர்க்காரரோட மொதப் புத்தகத்த அந்த பிரஸ்தான் அடிச்சுது, ஊர்க்காரர் பேரு ஷேக்ஸ்பியர். நம்ம ரிச்சர்ட்சனும் வைல்டோட பொண்ணு மார்த்தாவத்தான் கட்டுனாரு. டப்ளின்ல ஒரு முதலாளிகிட்டேர்ந்து ஓடி லண்டனுக்கு வந்த தாமஸ் ஜென்ட், வருஷக்கணக்கா பிரஸ் பிரஸ்ஸா அலைஞ்சு, 1724-ல யார்க்ல தான் முன்னாடி விரும்புன பொண்ணு விதவையானப்புறம் அவளக் கட்டி அந்த பிரஸ்ஸுக்கு முதலாளி ஆனாரு, அவரு சுயசரிதைல இந்தக் கதை இருக்கு, நெஜமாவே உருக்கமா இருக்கும். ஆக அச்சுக்கூடத்துல விடறதா இருந்தா முதலாளி குடும்பத்தயும் ஒரு பார்வை பாத்து வெக்கறது தப்பில்ல, அன்னிக்கு எல்லாரும் அதப் பாத்திருக்காங்க.

இன்னொண்ணு, உயிர் பயம். 1663 அக்டோபர்ல ஒரு நாள் விடிகாலைல ஸ்மித்ஃபீல்டு பக்கம் ஜான் ட்வின்னு ஒரு பிரிண்டர் வீட்ட, அச்சுக்கூடங்களக் கண்காணிக்கற அரசாங்க அதிகாரி ரோஜர் லெஸ்ட்ரேஞ்சோட ஆளுங்க சுத்தி வளைச்சாங்க. ராஜாவ எதுத்து எழுதுன புத்தகம் அச்சுல இருந்துது, கதவு தொறக்கறதுக்குள்ள கோத்த ஃபாரத்த ஒடைக்கப் பாத்தாங்க, முடியல. ட்வினுக்கு தேசத்துரோகக் குத்தம், தூக்குல போட்டு உடம்ப வெட்டிக் கூறு போடற தண்டனை, 1664-ல நிறைவேத்திட்டாங்க. கோர்ட்டுல அவருக்கு எதிரா சாட்சி சொன்னது யாரு? அவரு வீட்டுல சாப்டு அவருகிட்ட வேலை கத்துக்கிட்ட அப்ரெண்டிஸ் ஜோசப் வாக்கர். பையனக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல, சொல்லலன்னா அவனுக்கும் அதே கதிதான் வந்திருக்கும். முதலாளி ரகசியத்தக் காப்பாத்தணும்னு பத்திரத்துல எழுதிக் குடுத்த பையன் அவன். இதுல கவனிக்க வேண்டியது, அதே சமயத்துல ராஜாவுக்கு ஆகாத புத்தகங்களுக்காக இன்னும் மூணு பேர விசாரிச்சாங்க, புத்தகக் கடைக்காரர் தாமஸ் ப்ரூஸ்டர், பிரிண்டர் சைமன் டோவர், பைண்டர் நேதன் புரூக்ஸ். நம்ம ஒப்பீட்டுக்குன்னே கேஸ் போட்ட மாதிரி. அவங்களுக்கு அபராதம், மரச்சட்டத்துல கழுத்த மாட்டி ஊர் முன்னாடி நிக்கற தண்டனை, ஜெயில், அதுலயும் பைண்டருக்கு அபராதம் கம்மி. பிரஸ், எழுத்து, ஈரம் காயாத தாள் எல்லாம் பிரிண்டர் வீட்டுலதானே இருக்கும், கையும் களவுமா மாட்டறது அவருதான்.

சரி புத்தகக் கடை. இங்க ஒரு விஷயம் புரிஞ்சாத்தான் மத்தது புரியும், காப்பி. ஒரு புத்தகத்த அச்சடிக்கற உரிமைக்கு காப்பின்னு பேரு, கம்பெனி ரிஜிஸ்டர்ல பேரப் பதிஞ்சுட்டா அது உங்க சொத்து, விக்கலாம், பாதி விக்கலாம், பொண்டாட்டி புள்ளைக்கு எழுதி வெக்கலாம். எழுதினவருக்கு ஒரு தடவ காசு குடுத்தா முடிஞ்சுது, அதுக்கப்புறம் அவருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல (1710-ல ஆன் ராணி சட்டம் வந்துதான் 14 வருஷம், எழுத்தாளர் உயிரோட இருந்தா இன்னும் 14 வருஷம்னு ஒரு எல்லை வந்துது). எலிசபெத் ராணியோட பிரிண்டரா இருந்த கிறிஸ்டோபர் பார்க்கர் 1582-லயே பொலம்பியிருக்காரு, நல்ல காப்பியெல்லாம் புத்தகக் கடைக்காரங்ககிட்டப் போயிடுச்சு, அவங்க பிரஸ் வெச்சுக்கறதில்ல, எழுத்து வாங்கற செலவு இல்ல, வேலைக்குக் கூலி மட்டும் குடுத்துட்டு லாபத்த எடுத்துட்டுப் போறாங்கன்னு. நூறு வருஷம் கழிச்சு 1683-ல அது இன்னும் மோசம்.

உதாரணம் ஒண்ணு போதும். 1667-ல ஜான் மில்டன் தன்னோட பாரடைஸ் லாஸ்ட் காவியத்த சாமுவேல் சிமன்ஸுக்கு விக்கறாரு, சிமன்ஸ் பிரிண்டர். கைல 5 பவுண்ட், மொதப் பதிப்புல 1300 பிரதி வித்தா இன்னொரு 5, அப்டியே அடுத்தடுத்த பதிப்புக்கும். மில்டன் சாகறதுக்குள்ள வாங்குனது மொத்தம் 10 பவுண்ட், 1680-ல அவரு விதவை 8 பவுண்ட் வாங்கிட்டு முழு உரிமையும் எழுதிக் குடுத்துட்டாங்க. சிமன்ஸ் அத 25 பவுண்டுக்கு பிரபசான் அய்ல்மர்ங்கற கடைக்காரருக்கு வித்துட்டாரு, 7 பவுண்ட் லாபம்னு அன்னிக்கு சந்தோஷப்பட்டிருப்பாரோ என்னவோ. அய்ல்மர்கிட்டேர்ந்து 1683-ல பாதி, 1690-ல மீதின்னு வாங்குனவரு ஜேக்கப் டான்சன். 1688-ல படம் போட்டுப் பெரிய சைஸ்ல, முன்பணம் கட்டறவங்க பேரெல்லாம் சேத்து ஒரு பதிப்பு கொண்டுவந்தாரு, அதுலேர்ந்து ஏறுமுகம். எந்தக் கவிஞரால உங்களுக்கு அதிகம் காசு வந்துதுன்னு பிற்காலத்துல கேட்டப்ப மில்டன்னு சொன்னாராம், தன்ன ஓவியம் வரைஞ்சப்ப கூட கைல அந்தப் புத்தகத்தத்தான் புடிச்சிட்டு உக்காந்திருக்காரு. டான்சன் யாரு? முடி வெட்டி வைத்தியமும் பாக்கற குடும்பத்துப் பையன், 1670-ல தாமஸ் பாசெட்ங்கற கடைக்காரர்கிட்ட அப்ரெண்டிஸா சேந்தவன். அவன் அங்க 7 வருஷம் கத்துக்கிட்டது எழுத்துக் கோக்கறது இல்ல, எது விக்கும்ங்கறது.

அன்றாட வேலைன்னு பாத்தா கடைப் பையனுக்கு நோகாத வேலைன்னு நெனச்சுடாதீங்க, காலைல பலகை எடுக்கணும், தூசி தட்டணும், பிரஸ்ஸுக்கும் கடைக்கும் புரூஃபத் தூக்கிட்டு ஓடணும், புத்தகம் பெரும்பாலும் தைக்காத தாளாத்தான் வரும் அத பக்க வரிசை சரி பாக்கணும், மத்த கடைகளோட தாளுக்குத் தாள் மாத்திக்கணும், வெளியூர் மூட்டை கட்டணும், கணக்கு எழுதணும். ஆனா கடைல யாரு வரா பாருங்க, பாதிரியார், வக்கீல், கவிஞர், அரசாங்க ஆளு, எல்லாரும் வந்து நின்னு புரட்டிட்டுப் பேசிட்டுப் போவாங்க. மூலைல நிக்கற பையன் காதுல எல்லாம் விழும். பிரஸ் பிசாசு காதுல கட்டை கிறீச்சிடறதுதான் விழும்.

ஆனா கடைங்கறது சூதாட்டம்ங்கறதையும் சொல்லணும், இல்லன்னா நான் புரோக்கர் வேலை பாக்கற மாதிரி ஆயிடும். 1666 தீ விபத்துல செயின்ட் பால் வளாகத்துக் கடைக்காரங்க எல்லாம் கோயிலுக்கு அடியில இருந்த செயின்ட் ஃபெய்த் நிலவறைல சரக்க அடுக்குனாங்க, கல்லுக் கட்டடம், தீ உள்ள வராதுன்னு. மேல கூரை இடிஞ்சு விழுந்து மொத்தமும் போச்சு, ஒரு லட்சத்து அம்பதாயிரம் பவுண்ட் நஷ்டம்னு அப்ப ஊர்ல பேச்சு. டைரி எழுதுன சாமுவேல் பீப்ஸோட புத்தகக் கடைக்காரர் கிர்ட்டன் ஏழெட்டாயிரம் பவுண்ட் ஆசாமி, ஒரே வாரத்துல ரெண்டு மூவாயிரம் கடன்காரர் ஆயிட்டாரு, அடுத்த வருஷம் அந்த ஏக்கத்துலயே போய்ச் சேந்தாரு. பிரிண்டருக்கும் பிரஸ் எரியும்தான், ஆனா பிரஸ்மேன் தோளும் கம்போசிட்டர் விரலும் எரியாதுல்ல.

ஜான் டன்டன் கேஸ் இன்னும் சுவாரசியம். பரம்பரையா பாதிரியார் குடும்பம், இவனுக்கு மட்டும் கிரேக்கம் மண்டைல ஏறல, சரின்னு 14, 15 வயசுல தாமஸ் பார்க்ஹர்ஸ்ட் கடைல விட்டாங்க. 1681-ல முடிஞ்சப்ப 100 அப்ரெண்டிஸுகளக் கூப்ட்டு அப்ரெண்டிஸ் காலத்துக்கு கருமாதிச் சாப்பாடு போட்டான், காசு தண்ணியாப் போச்சுன்னு அவனே பின்னாடி எழுதியிருக்கான். 1686-ல புத்தகப் பொட்டியோட அமெரிக்காவுல பாஸ்டன் வரைக்கும் போனான், திரும்பி வந்து கடன்காரங்களுக்குப் பயந்து மாசக்கணக்குல வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தான், 1691-ல வாசகர் கேள்விக்கு பதில் சொல்றதுக்குன்னே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு சக்கப் போடு போட்டான், கடைசில மறுபடி கடன். டான்சனும் டன்டனும் ஒரே ஊரு, ஒரே தொழில், கிட்டத்தட்ட ஒரே காலம். கடைல விட்டா பையன் எவனா வருவான்னு நீங்களே சொல்லுங்க.

பைண்டிங் பத்தி அதிகம் எழுத எனக்கு மனசு வரல. மடிக்கணும், சுத்தியலால தட்டணும், தைக்கணும், அட்டை போட்டு தோல் ஒட்டணும், சின்ன கடை போட முதல் கம்மி, சேர்க்கற தொகையும் கம்மிதான். ஆனா கூலி கடைக்காரன் சொல்றதுதான், கம்பெனில மரியாதையும் கீழதான். சாமுவேல் மியர்ன்னு ஒருத்தர் இரண்டாம் சார்லஸ் ராஜாவுக்கு பைண்டரா இருந்து கம்பெனிக்கே தலைவரானாரு, அத வெச்சு எல்லா பைண்டரும் அப்டி ஆயிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரே ஒரு நல்ல விஷயம், பைண்டர் கைக்கு எல்லாப் புத்தகமும் வரும், நின்னு ரெண்டு பக்கம் படிக்கலாம். ரொம்பப் பின்னாடி 1805-ல மைக்கேல் ஃபாரடே பைண்டிங் கடைல 7 வருஷம் இருந்தப்ப தைக்க வந்த புத்தகத்துலதான் மின்சாரம் படிச்சாரு. ரிச்சர்ட்சனோட ஆசைப்படி பாத்தா அவன் போயிருக்க வேண்டியது இங்கதானோன்னு ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

லண்டனுக்கு வெளிய? 1683-ல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் தவிர பெருசா சொல்றதுக்கு இல்ல. ஆனா சட்டம் 1695-ல ஒழிஞ்சதும் பிரிஸ்டல், நார்விச்னு பிரஸ் போக ஆரம்பிச்சுது, 1701-ல நார்விச்ல வாரப் பத்திரிகையே வந்துடுச்சு. 1683-ல பிரஸ்ஸுல சேர்ந்த பையன் 1690-ல வெளிய வந்து அஞ்சு வருஷம் கூலி வேலை பாத்தான்னா சரியா அந்தக் கதவு தொறக்கற நேரம், இது தெரிஞ்சு செஞ்ச முடிவா இருக்காது, அதிர்ஷ்டம். கடல் தாண்டற வழியும் உண்டு, குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவச் சேந்த பிரிண்டர் ஆண்ட்ரூ சோல்கிட்ட வேலை கத்துக்கிட்ட வில்லியம் பிராட்ஃபோர்ட் முதலாளி பொண்ணு எலிசபெத்தக் கட்டிக்கிட்டு (மறுபடி கல்யாணம்!) 1685-ல பென்சில்வேனியா போய் அங்க மொத பிரஸ் போட்டாரு, அப்புறம் நியூயார்க்குக்கும் மொத பிரிண்டர். எல்லாருக்கும் அப்டி அமையாது, லண்டன்லேர்ந்து நம்ம தரங்கம்பாடிக்கு 1711-ல பிரஸ்ஸோட அனுப்பின பிரிண்டர் யோனாஸ் ஃபிங்க் வழியிலயே செத்துட்டாரு, 1712-ல பிரஸ் மட்டும் வந்து சேந்துது.

பையன் இல்ல பொண்ணுதான்னா? அப்ப வெளிக் கடைல அப்ரெண்டிஸா சேர்றது அபூர்வம், ஆனா அப்பா கம்பெனி ஆளா இருந்தா வழி உண்டு. மேல சொன்ன ஆண்ட்ரூ சோலோட இன்னொரு பொண்ணு டேஸி சோல் 1695-ல அப்பா வழி உரிமைல மெம்பர் ஆகி, அம்பது வருஷத்துக்கு மேல அந்தத் தொழில்ல இருந்தாங்க. அவங்களே நல்லா அச்சுக் கோப்பாங்கன்னு டன்டன் மெச்சி எழுதியிருக்கான், அவன் அவ்ளோ சுலபமா யாரையும் விட்டு வெக்கற ஆளு இல்ல. விதவைகளுக்கும் கம்பெனில புடிமானம் உண்டு, 1603-ல பஞ்சாங்கம், சங்கீதப் புத்தகம் மாதிரி நிச்சயமா விக்கற உருப்படிங்கள ஒண்ணு சேத்து இங்கிலிஷ் ஸ்டாக்னு பங்கு போட்டாங்க, 50, 100, 200 பவுண்ட்னு மூணு படி, புருஷன் செத்தா பங்கு பொண்டாட்டி பேர்ல நிக்கும். மகள கட்டிக் குடுக்கறவங்க மாப்ளைக்கு இந்தப் பங்கு இருக்கான்னு கேக்கறது நல்லது.

சரி என் முடிவு. கைல சேர்க்கற தொகையும், முடிஞ்சு வரும்போது கடை போடக் கொஞ்சம் காசும் இருந்தா புத்தகக் கடை, அதுலயும் சொந்தக் காப்பி நெறைய வெச்சிருக்கற முதலாளி, வெறும் சில்லறை விக்கறவன்கிட்ட வேண்டாம். காசு இல்ல, பையனுக்குப் படிப்பு இருக்குன்னா கம்போசிட்டர், கண்ண மூடிட்டு, ஆனா பத்திரத்துக்கு முன்னாடியே முதலாளிகிட்ட பேசிடுங்க, கோக்கறதுல விடுவீங்களா இல்ல பிரஸ்லயே நிக்க வெப்பீங்களான்னு. முதலாளிகிட்ட எத்தன அப்ரெண்டிஸ் இருக்காங்கன்னும் பாருங்க, கம்பெனில பெரிய பதவி வகிச்சவங்களுக்கு மூணு, நடுவுல இருக்கறவங்களுக்கு ரெண்டு, சாதா ஆளுக்கு ஒண்ணுன்னு 1586-லேர்ந்து வர வழக்கம். ஒரே பையன்னா எல்லா எடுபிடியும் அவன் தலைலதான், ஆனா எல்லா வேலையும் அவன் கண்ணுல படும். கொஞ்சம் முரட்டுத்தனமா அரசியல் பேசற பிரிண்டர்னா எவ்ளோ நல்ல தொழில்காரரா இருந்தாலும் வேண்டாம், ஜோசப் வாக்கர ஞாபகம் வெச்சுக்கங்க.

பத்திரம் போடறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் சும்மா தங்கிப் பாக்கற வழக்கம் இருந்துது, அத விட்டுடாதீங்க. டன்டனே மொத தடவ பார்க்ஹர்ஸ்ட் கடைல தங்கிட்டு பிடிக்காம வீட்டுக்கு வந்துட்டான். அப்பா திட்டிருப்பாரு, ஊர் சிரிச்சிருக்கும். கொஞ்ச நாள் கழிச்சு அவனே அதே கடைக்குத் திரும்பிப் போனான்.